படகு வாங்கிய கையெழுத்து

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த முடிவுக்கு வந்தேன். இனி என் வாழ்க்கையில் ஒரு ரகசியம் இருக்கும்.

பெரிய ரகசியம் வேண்டும் என்ற பேராசையெல்லாம் இல்லை. சின்னதாக ஒன்று போதும். கல்யாணமாகி இருபத்தேழு வருடங்களில் என் மனைவிக்குத் தெரியாத விஷயம் என்று என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. என் முதுகில் ஒரு மச்சம் இருப்பதையே அவள்தான் கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். எனக்குச் சளி பிடிக்கப்போவது எனக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வெந்நீர் போட்டுவிடுவாள். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு மனுஷனுக்குத் தனியாகப் போய் உட்கார மனசுக்குள் ஓர் இடம் வேண்டாமா?

எனக்கு அந்த இடம் ஒரு படகு.

நான் வேலை பார்க்கும் வங்கி ஏரிக்கரைத் தெருவில் இருக்கிறது. என் மேஜை ஜன்னலோரம் இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து ஒரே வேலை, கையெழுத்து சரிபார்ப்பது. காசோலை வரும். அதில் இருக்கும் கையெழுத்தை, அட்டையில் வாங்கி வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவேன். பொருந்தினால் முத்திரை, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பு. கையில் எப்போதும் பூதக்கண்ணாடி. ஆபீசில் என் பெயரே பூதக்கண்ணாடிதான். ஒரு போலிக் கையெழுத்துகூட என்னைத் தாண்டிப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு பெருமை எதுவும் கைவசம் இல்லாததால் சொல்கிறேன்.

இரண்டு காசோலைகளுக்கு நடுவில் ஏரியைப் பார்ப்பேன். கரையோரம் ஒரு நீலப் படகு கட்டியிருக்கும். நான் பார்க்கப் பார்க்க அது தானாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடு ஏரிக்குப் போகும். அதில் நான் மல்லாந்து படுத்திருப்பேன். சட்டைப் பொத்தான் இரண்டு திறந்திருக்கும். மேலே மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். துடுப்பு எங்கே, யார் போடுகிறார்கள் என்பதெல்லாம் என் கனவில் வராது. கனவு என்றால் அப்படித்தான். அடுத்த காசோலை வந்து விழுந்ததும் படகு கரைக்குத் திரும்பிவிடும்.

போன வருடம் எங்கள் வங்கிக்குள் தொழில்நுட்பம் வந்தது. முதலில் கண்ணாடிக் கவுண்டர்களைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்த இடத்தில் சோபா வந்தது. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் போயிற்று. நூலில் கட்டித் தொங்கிய பேனாக்கள் போயின. கடைசியாக என் மேஜை போயிற்று. நான் பூதக்கண்ணாடியைக் கையில் எடுப்பதற்குள் ஆயிரம் கையெழுத்துகளைப் பார்த்து முடித்துவிடும் இயந்திரம் வந்துவிட்டதாம். கையெழுத்து மட்டுமா? ஒருத்தர் போனை எந்தக் கையில் பிடிப்பார், எவ்வளவு வேகமாகத் தட்டுவார், எந்த நேரத்தில் என்ன வாங்குவார், எல்லாம் அதற்கு அத்துப்படி. எங்கள் மேனேஜர், என் பெண் வயதுதான் இருக்கும், கூட்டம் போட்டு விளக்கினார். இனிமேல் கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை இல்லை, இயந்திரம் ஆளையே பார்த்துக் கண்டுபிடித்துவிடும் என்றார்.

என் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து ஹாலில் நிற்கச் சொன்னார்கள். வருகிறவர்களுக்கு அதில் எல்லாம் செய்து காட்ட வேண்டும். முதல் நாள் என்னிடம் வந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் கழிவறை எங்கே என்று கேட்டார்கள். மற்ற இருவர், இங்கே மனுஷங்க யாரும் இல்லையா என்று கேட்டார்கள்.

நான் இடிந்துபோய்விடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஹாலில் நின்றால் ஏரி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெரிய உண்மை எனக்குப் புலப்பட்டது. இந்தத் தொழில்நுட்பத்தை வங்கிகளுக்காகக் கண்டுபிடித்ததாக எல்லோரும் நம்புகிறார்கள். இல்லை. இது கணவர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ்புக் என்பது வீட்டுக்குள்ளேயே வளர்ந்த உளவாளி. ரசீது, சட்டை துவைக்கப் போடும்போது வாய் திறந்துவிடும். இப்போது பாஸ்புக் இல்லை, ரசீது இல்லை, காகிதமே இல்லை. ஓசைப்படாமல் ஒரு கணக்கிலிருந்து கிளம்பி இன்னொரு கணக்குக்குப் பணம் போய்விடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

அந்த வாரமே படகுக்காரர் நீலப் படகின் மேல் 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டினார். போய் விசாரித்தேன். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். ரொக்கமாகக் கொடுத்தால் வைத்துக்கொள்ள இடமில்லை, கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் படகு எனக்கு, இல்லாவிட்டால் ஏலக்காரருக்கு. ஏலக்காரர் வாங்கினால் உடைத்துப் பலகையாக விற்றுவிடுவார். நான் படகின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கதகதப்பாக இருந்தது. இருபத்தேழு வருடம் படுத்துக் கிடந்த இடத்தை யாரோ உடைக்கப்போவதாகச் சொன்னது போல இருந்தது.

என் பெயரில் மட்டும் ஒரு டெபாசிட் இருந்தது. மறுநாள் மதியம், ஹாலில் யாரும் இல்லாத நேரம், டேப்லெட்டில் என் கணக்கு எண்ணைத் தட்டினேன். டெபாசிட்டை முடித்துப் படகுக்காரர் கணக்குக்கு அனுப்பு என்று கொடுத்தேன். 'என்ன காரணத்துக்காக?' என்று ஒரு கட்டம் வந்தது. காலியாக விடலாம். ஆனால் நான் வங்கிக்காரன். படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட என் கை வராது. 'சொந்த உபயோகத்துக்குப் படகு வாங்க' என்று முழுசாக எழுதினேன். கடைசியில் கையெழுத்து கேட்டது. விரலால் போட்டேன்.

'கையெழுத்து பொருந்தவில்லை.'

விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். பொருந்தவில்லை. மூன்றாவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். 'தங்கள் பாதுகாப்புக்காக இன்று கணக்கு பூட்டப்படுகிறது. வாடிக்கையாளர் நாளை முயலலாம்' என்று சொல்லிவிட்டுத் திரை இருண்டது. வாடிக்கையாளர் என்று அது யாரையோ மரியாதையாகச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். இயந்திரம் பழுது, என் கையெழுத்தையே தெரியவில்லை என்றேன். அவர் தன் கணினியில் என் கணக்கைத் திறந்தார். படித்தார். முகம் மலர்ந்தது.

"மெஷின் உங்களைப் பத்தி ரொம்ப உயர்வா எழுதி வச்சிருக்கு சார்," என்றார். "தினமும் காலையில ஆறு பத்துக்குக் கணக்கைப் பாக்கறவர். மூணு கடையில விலை கேக்காம எதையும் வாங்காதவர். எடுத்த முடிவை மாத்திக்காதவர். போனைப் படுவேகமாத் தட்டறவர்."

எனக்குக் கூச்சமாக இருந்தது. நாற்பது ஐம்பது பேரை வைத்துப் பார்த்தாலும் இப்படிப்பட்ட மனிதர் கிடைப்பது அபூர்வம். இவரை ஒருமுறை நேரில் சந்தித்துப் பேச வேண்டும் என்றுகூடத் தோன்றியது. பிறகுதான் இன்னொன்று தோன்றியது. காலை ஆறு பத்துக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

மேனேஜர் என் மாதிரிக் கையெழுத்து அட்டையின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். பழக்க தோஷம், பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டேன். பத்து நிமிஷம் பார்த்தேன். தொழிலில் நான் கெட்டிக்காரன் என்று முன்பே சொன்னேன். சுழிப்பு எல்லாம் தலைகீழாக இருந்தது.

"மேடம், இது போலி," என்றேன். "போட்டவர் இடது கைக்காரர். கை நடுங்காதவர். இந்த ஒரு கையெழுத்துக்காக வேலையை நிறுத்தாம, வேற ஏதோ வேலைக்கு நடுவுல போட்டிருக்கார். அடுப்புல பால் கொதிக்கற மாதிரி ஒரு அவசரம் இதுல தெரியுது."

சொல்லி முடிப்பதற்குள் என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. எங்கள் வீட்டில் இடது கைக்காரர் ஒருத்தர்தான் உண்டு.

அட்டையின் கீழே ஒரு முத்திரை இருந்தது. 'என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது.' அதன் பக்கத்தில் சரிபார்த்தவர் சுருக்கொப்பம். அது மட்டும் அசல். என்னுடையது.

மேனேஜர் நல்ல பெண். சிரிக்கவில்லை. கையெழுத்தை மாற்ற விண்ணப்பம் கொடுக்கலாம் என்றார். ஆனால் அந்த விண்ணப்பத்தில் பழைய கையெழுத்தைப் போட வேண்டும். நான் எழுந்து வரும்போது, "வீட்ல அவங்க நல்லா இருக்காங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் பார்சல்காரர் நின்றார். என் பெயருக்கு ஏதோ வந்திருந்தது. என் மனைவிக்கு ஒரு கையில் கரண்டி, மறு கையில் அவர் நீட்டிய பேனா. அவள் அவரிடம் தெருமுனையில் தோண்டிய பள்ளத்தைப் பற்றி விசாரித்தபடியே, காகிதத்தைப் பார்க்காமலேயே, என் கையெழுத்தைப் போட்டாள். என்ன அழகு. வயதாக ஆக என் கையெழுத்து மெருகேறிக்கொண்டே போகிறது என்று காசோலைகளைப் பார்த்து நானே பலமுறை வியந்திருக்கிறேன். காரணம் இப்போதுதான் புரிந்தது.

உள்ளே போனதும், எப்போதிலிருந்து நீ என் கையெழுத்தைப் போடுகிறாய் என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"கல்யாணமான மூணாம் மாசத்துலேருந்து," என்றாள். "நீங்கதானே சொன்னீங்க? நாள் பூரா கையெழுத்தப் பாத்துட்டு வீட்டுக்கு வந்து இன்னொரு கையெழுத்துன்னா குமட்டுது, நீயே போட்டுருன்னு."

சொல்லியிருப்பேன். மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் இனிப்பைத் தொடமாட்டார். நான் வீட்டில் பேனாவைத் தொட்டதில்லை. பள்ளிக்கூட ரிப்போர்ட், எரிவாயு புத்தகம், காசோலை, எல்லாம் அவள் கையெழுத்து. ஒருமுறை வங்கி எல்லோரிடமும் புது அட்டை வாங்கியபோது, என் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, இதையும் போட்டுவிடு என்று நீட்டியிருக்கிறேன். மறுநாள் அதை நானே பரிசோதித்து, அவள் கையெழுத்துப் போட்ட காசோலைகளோடு ஒப்பிட்டு, பிரமாதமாகப் பொருந்துகிறது என்று முத்திரை குத்தியிருக்கிறேன்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப கேக்கறீங்க?" என்றாள்.

சும்மாதான் என்றேன். சும்மா என்று நான் சொன்னால் அவள் ஒரு நொடி என்னைப் பார்ப்பாள். பார்த்தாள். பிறகு கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் யோசித்தேன். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும். படகையும் காப்பாற்ற வேண்டும். இரண்டுக்கும் அவள் கையெழுத்து வேண்டும். ஆக, அவளுக்குத் தெரியாமல் அவளே போட வேண்டும். சனிக்கிழமை டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் தயாராகத் தட்டி, கையெழுத்துக் கட்டம் மட்டும் தெரியும்படி, மேலே என் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டேன். அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வங்கியில் இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஊழியர் வீடுகளிலிருந்து மாதிரி கேட்டிருக்கிறார்கள், ஒரு கையெழுத்து போடு என்றேன்.

"என்னுதா, உங்களுதா?"

"என்னுது."

ஒரு கையில் தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு மறு கை விரலால் ஒரே இழுப்பு. உள்ளே அடுப்படியில் அவள் போன் ஒருமுறை ஒலித்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி துணி மடிக்க உட்கார்ந்தாள். அவள் உட்காரவும் டேப்லெட்டில் பச்சை வரவும் சரியாக இருந்தது. 'வணக்கம். தங்கள் படகுக்கு வாழ்த்துகள்.'

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. தட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. வெளியே தெருவில் சைக்கிள்கள் தண்ணீரில் போவது போல மெதுவாகப் போயின. நாற்காலி லேசாக ஆடிற்று. வீடு முழுவதும் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, அக்கா வீடு வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று அவள் முதலில் கிளம்பினாள். தெய்வமே வழிவிட்டது போல இருந்தது. நான் முடிவெட்டப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

ஏரி அலுவலகம் என்பது ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு குமாஸ்தா. படகு வாங்கிய விவரம் வங்கியிலிருந்து நேற்றே தனக்கு வந்துவிட்டது என்றார். இப்போது எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கிறதாம். பதிவுக்கு ஒரு கையெழுத்து போடுங்கள் என்று சின்னத் திரையை நீட்டினார். போட்டேன். பொருந்தவில்லை.

"பொருந்தாது சார். உரிமையாளர் காலையிலயே வந்து போட்டுட்டாங்க," என்று சொல்லிக் கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

நீலப் படகில் ஒரு குடை விரிந்திருந்தது. குடைக்குக் கீழே என் மனைவி. பக்கத்தில் ஒரு பிளாஸ்க், ஒரு தலையணை. முந்தின நாள் அவள் மடித்துக்கொண்டிருந்த அதே உறை.

கால் போன போக்கில் போய்ப் படகின் அருகில் நின்றேன். நான் எதையும் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவளே சொன்னாள்.

"போன செவ்வாய்க்கிழமை மூணு தடவை மெசேஜ் வந்துதுங்க. யாரோ படகு வாங்கறாங்க, அது நீங்களான்னு கேட்டுது. நான் இல்லையே. இல்லைன்னு அமுக்கினேன்."

வங்கிப் படிவத்தில் தொலைபேசி எண் என்ற கட்டத்தில், நான் போனை எடுக்கமாட்டேன் என்பதால், அவள் எண்ணைத்தான் அவள் எழுதியிருந்தாள். அதையும் நான்தான் சரிபார்த்திருந்தேன்.

"அப்ப நேத்து?"

"நேத்து கையெழுத்து நான் போட்டது. மறுபடி மெசேஜ் கேட்டுது, நீங்களான்னு. ஆமான்னு அமுக்கினேன். பொய் சொல்லக் கூடாது இல்லையா?"

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. ஒரு ரகசியம் ஐந்து நாள் என்னிடம் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது முதல் நிமிஷத்திலிருந்தே அவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. துக்கமாகத்தான் இருந்தது. ஒளித்து வைத்ததாக நினைத்த பொருளை வேறொருவர் தூசி தட்டி வைத்திருந்தால் எப்படி இருக்கும்? இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க இவ்வளவு சந்தோஷமா இருந்து பாத்ததில்ல. அதான் விட்டுட்டேன்," என்றாள்.

படகில் ஏறக் காலைத் தூக்கினேன். குமாஸ்தா பின்னால் ஓடி வந்தார். உரிமையாளர் ஏறலாம், மற்றவர்கள் ஏறினால் அனுமதிச் சீட்டு வேண்டும். பயணியா, பணியாளா என்று கேட்டார். பயணிக்கு இந்தப் படகில் இடம் இல்லை, ஒருவர் படுக்க ஒருவர் ஓட்டத்தான் அளவு என்று என் மனைவி விளக்கினாள். அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துக்குப் பேனா தேடினேன். வேண்டாம், உங்கள் கையெழுத்துதான் எங்கேயும் நிற்கமாட்டேன் என்கிறதே என்று சொல்லி ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். கட்டைவிரலை வைத்தேன். இருபத்தேழு வருடம் கையெழுத்து பார்த்தவன், கைநாட்டு வைத்தேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது. 'துடுப்பு போடுபவர். சரி' என்று வந்தது. ஒரு இயந்திரம் என்னை முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டது அன்றுதான்.

துடுப்பு கனத்தது. கரை மெல்ல விலகியது. வங்கியின் கண்ணாடி தூரத்தில் ஒருமுறை மின்னிவிட்டு அடங்கியது. தண்ணீர் எங்களுக்கு வழிவிட்டு, பின்னால் மூடிக்கொண்டது. நடு ஏரிக்கு வந்ததும் அவள் குடையை மடக்கி வைத்துவிட்டு, தலையணையில் தலை வைத்து மல்லாந்து படுத்தாள். காற்று நின்றுவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒரே ஒரு தரம் அண்ணாந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. தலையைத் தூக்கினேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

கண்ணைத் திருப்பாமலே அவள் சொன்னாள்: "நீங்க துடுப்பைப் பாருங்க. மேகத்தை நான் பாத்துக்கறேன்."